கடைவாய்ப்பல் கோப்பு

மலை மாவட்டப் பணியாளர் பல் நல மருத்துவமனைக்கு இந்த ஆண்டின் நோயாளிப் பாதுகாப்பு விருது கிடைத்திருக்கிறது. ஊட்டியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் வாசலில் கட்டியிருக்கும் பேனரைப் பார்க்கலாம். ஓர் ஆண்டு முழுக்க ஒரு நோயாளிக்குக்கூடச் சிகிச்சையால் தீங்கு நேரவில்லை என்று போட்டிருக்கிறார்கள். பொய் இல்லை. சபாபதியின் கீழ்க் கடைவாய்ப்பல்லை அவர்கள் பன்னிரண்டு மாதங்களாகத் தொடவே இல்லை. தொடாத பல்லுக்குச் சிகிச்சையால் தீங்கு வர வழியே கிடையாது.

சபாபதிக்கு ஐம்பத்தாறு வயது. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். அவலாஞ்சி அணையில் மழைமானி பார்க்கிற வேலை. காலை எட்டு மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் மழை என்று குறித்து, ஊட்டி அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். ஒருநாளில் அவர் இன்னொரு மனிதரிடம் பேசுவது பெரும்பாலும் அந்த எண்ணை மட்டும்தான். ஜூலை மாதத்தில் எண் பெரியதாக இருக்கும். பேச்சும் ஒரு வார்த்தை நீளும்.

கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க மூன்று வீட்டார் வெவ்வேறு வருடங்களில் அவலாஞ்சி வரைக்கும் வந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது, குளிரைப் பிடிக்கவில்லை. மூன்று வீட்டாரும் டீ குடித்துவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்த வண்டியிலேயே மலை இறங்கிவிட்டார்கள். குடியிருப்பில் இருக்கும் பன்னிரண்டு வீடுகளில் ஒன்பது பூட்டிக் கிடக்கின்றன. இன்னும் இரண்டில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விடுவார்கள். சனி ஞாயிறில் சபாபதியின் பல்வலிக்கு மொத்த அணையும் சொந்தம்.

பல் பிடுங்க முதல்முறை போன கதையைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்பது சபாபதிக்குத் தெரிந்த ஒரே மருத்துவ விதி. சர்க்கரை பார்க்கப் போனபோது அப்படிச் சொன்னார்கள், ஸ்கேனுக்குப் போனபோதும் அப்படித்தான் சொன்னார்கள். பல்லுக்கும் அதுதான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், பல்லைப் பிடுங்க எதற்குப் பட்டினி என்று ஓர் அதட்டல் விழுந்திருக்கும். அதட்ட ஆள் இல்லை. முந்தின நாள் ராத்திரியும் வலியில் வரக்காப்பியோடு படுத்தவர், காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்கு வந்து, நாற்பத்தாறாம் நம்பர் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் முறை வந்தபோது மணி ஒன்றேகால்.

டாக்டர் தீபலட்சுமி படிப்பு முடித்து, ஒப்பந்த வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். பல்லைப் பிடுங்கும்முன் வலி தெரியாமலிருக்க ஈறில் மரப்பு ஊசி போடுவார்கள். அதைப் போட்டாள். சபாபதி ஊசியின் நீளத்தைப் பார்த்துவிட்டார். வேர்த்தது, காது அடைத்தது, விளக்கு தூரமாகப் போயிற்று. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

காலைத் தூக்கிப் பிடித்ததும் இரண்டு நிமிடத்தில் நினைவு வந்துவிட்டது. விழித்துப் பார்த்தால் பதினோரு பேர் சுற்றி நின்றார்கள். ஒரு நர்ஸ் அவர் கையைப் பிடித்திருந்தார். உண்மையைச் சொன்னால் சபாபதிக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. இத்தனை பேர் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தது அதற்குமுன் அவர் பிறந்த அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

அதற்குள் கண்காணிப்பாளர் டாக்டர் ரமணன் மாடியிலிருந்து ஓடிவந்தார். கையில் அசம்பாவிதப் படிவம். அந்தப் படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று, ஒவ்வாமை. இன்னொன்று, மரணம். நோயாளி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டதால் இரண்டாவதில் டிக் அடிக்க முடியவில்லை.

“வெறும் மயக்கமா இருக்கலாம் சார். தடிப்பு இல்ல, வீக்கம் இல்ல, மூச்சும் நல்லா இருக்கு” என்றாள் தீபலட்சுமி.

“மயக்கத்துக்குக் கட்டம் இருக்காம்மா?” என்று கேட்டார் ரமணன்.

இல்லை. ஆகவே சபாபதிக்கு மரப்பு ஊசி ஒவ்வாமை வந்தது. அவருடைய அட்டையில் சிவப்பு மையில் அலர்ஜி என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை கோடு போட்டார்கள். பல்லோடு வந்தவரைப் பல்லோடு அனுப்பினார்கள்.

அடுத்த முறை போனபோது காவலாளி அட்டையைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார். சிவப்பு அட்டைக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தூணுக்கு அந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி, மேலே ‘ஒவ்வாமை நோயாளிகள் மட்டும்’ என்ற பலகை. எதிர்ப் பெஞ்சில் இருந்த அம்மாள் தன் குழந்தையின் வாயை முந்தானையால் மூடினாள். அணையில் யாரும் இல்லாமல் தனியாக இருப்பது சபாபதிக்குப் பழக்கம். இருநூறு பேர் நடுவில் தனியாக இருப்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டார். அது கஷ்டமாகத்தான் இருந்தது.

ரமணன் அவரை அறைக்குக் கூப்பிட்டு அன்பாகவே பேசினார்.

“மிஸ்டர் சபாபதி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த ஆஸ்பத்திரியில ஒரு உயிர்கூடப் போனதில்ல. ஏன் தெரியுமா? ஆபத்துன்னு சின்னதா சந்தேகம் வந்தாக்கூட நாங்க வைத்தியத்தையே நிறுத்திடுவோம். வைத்தியம் பண்ற இடத்துலதான் சார் எல்லாத் தப்பும் நடக்குது.”

“அப்பப் பல்லு எப்படீங்க?”

“ஒவ்வாமை இல்லன்னு சான்று கொண்டு வாங்க. உடனே எடுத்துடலாம்.”

“அது எங்கீங்க கிடைக்கும்?”

“இங்கேயேதான். தோல்ல துளி மருந்து குத்திப் பார்ப்போம். அரை மணி நேர வேலை.”

“சரீங்க. இப்பவே பாத்தரலாமுங்களா?”

“அது எப்படி? அதே மருந்துதானே. உங்களுக்குத்தான் ஒவ்வாமை ஆச்சே.”

இதுபோன்ற சிக்கல்களுக்காகத்தான் குழு இருக்கிறது என்று ரமணன் தைரியம் சொன்னார். ஒவ்வாமை ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அதில் ஒவ்வாமை நிபுணர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பதவி எட்டு வருடமாகக் காலி. நிபுணரை நியமிக்கக் குழு பரிந்துரை செய்ய வேண்டும். நிபுணர் இல்லாமல் குழு கூடாது. அதுவரைக்கும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, உப்புத்தண்ணீர் கொப்பளித்து, விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

விண்ணப்பத்தில் எழுபத்தொன்பது கேள்விகள். தேனீ கொட்டியதுண்டா? அத்தை வழியில் யாருக்காவது முடி கொட்டியதுண்டா? வீட்டில் கிளி இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் சபாபதி இல்லை என்று எழுதினார். எழுபத்தொன்பதாவது இடத்தில் பேனா நின்றது. ‘நோயாளியின் துணையாள் கண்ட அறிகுறிகள், துணையாள் கையொப்பம்.’

விண்ணப்பங்களை வாங்குகிற எழுத்தர் ஆறுக்குட்டி. நல்ல மனிதர், யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார், இன்னொரு படிவம் கொடுத்துத்தான் அனுப்புவார்.

“தொணைக்கு ஆருங்க வந்தாங்க அன்னிக்கு?”

“ஆரும் வரலீங்க. நான் தனியாத்தானுங்க இருக்கறேன்.”

“அப்பத் தனியா இருக்கறதுக்கு ஒரு சான்று வேணுமுங்க. ஒரே ஊட்டுல கூடக் குடியிருக்கறவிங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடோணும்.”

“அவிங்க குடியிருந்தா நான் தனியா இல்லீங்களே.”

“அதையேதானுங்க நானும் மேல எழுதிக் கேட்டிருக்கறேன். இன்னும் பதில் வரலீங்க” என்றார் ஆறுக்குட்டி. அவர் முகத்தில் கிண்டலே இல்லை.

இப்படியே தைப்பனி போய், மே மாதச் சுற்றுலாக் கூட்டம் வந்து போய், தென்மேற்குப் பருவமும் தொடங்கிவிட்டது. சபாபதி வலது பக்கமாகவே மென்றார். பிறகு மெல்லுவதையே விட்டு, கஞ்சிக்கு மாறினார். கன்னம் சில நாட்கள் வீங்கும், சில நாட்கள் வடியும். மழை அளவுக்குப் பக்கத்திலேயே வீக்கத்தையும் குறித்து வைத்தார். கேட்பார் யாரும் இல்லாததால் அதை ஊட்டிக்குச் சொல்லவில்லை.

மருத்துவமனை அவரைக் கைவிட்டுவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. சிவப்பு அட்டைக்காரர்களுக்குத் தொடர் கண்காணிப்பு உண்டு. மாதம் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் குரல் கூப்பிடும். “வணக்கம் சபாபதி. உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு. நீங்கள் உயிருடன் இருந்தால் ஒன்றை அழுத்தவும். இல்லாவிட்டால் இரண்டை அழுத்தவும்.” சிக்னல் அணைச்சுவரில்தான் கிடைக்கும். அந்த நாளில் சபாபதி மூன்றரைக்கே குடையோடு போய் நின்றுகொள்வார். அவர் பெயரை அவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை. “இருக்கறனுங்க. பல்லுதான் நெம்ப வலிக்குது” என்று சொல்லிவிட்டு ஒன்றை அழுத்துவார். ஒருமுறை, அங்கே மழையா என்றும் கேட்டுவிட்டார். குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

பன்னிரண்டாவது மாதத்தில் மரப்பு ஊசிப் பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். சபாபதிக்கு மேடையில் நாற்காலி, கழுத்தில் அட்டை. அட்டையில் ‘நமது முதல் ஒவ்வாமை’. ஊழியர்கள் நாடகம் போட்டார்கள். சபாபதியாக நடித்தவர் ஆறுக்குட்டி. ஊசியைப் பார்த்ததும் அவர் எட்டடி தள்ளிப் போய் விழுந்து துடித்ததில் முன்வரிசையே எழுந்து நின்றுவிட்டது. நிஜத்தில் தான் இவ்வளவு நன்றாக விழவில்லையே என்று சபாபதிக்குக் கூச்சமாகப் போயிற்று.

ரமணன் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, இந்த மனிதரைப் பாருங்கள். ஒரு வருடம் முன்பு இவர் ஒரு சாதாரணப் பல்வலிக்காரர். இன்று நம் மருத்துவமனையின் பெருமை. இவருடைய பல்லை எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மறந்திருப்போம். எடுக்காததால் இவர் பெயரில் ஒரு கோப்பு, ஒரு குழு, ஒரு வாரம், மூன்று புதிய பதவிகளுக்கான கோரிக்கை. ஒரு பல் வாயில் இருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு இவ்வளவு செய்ய முடியும் என்றால், நாம் அவசரப்பட்டு எத்தனை பற்களை எடுத்துவிட்டோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். நெஞ்சு கனக்கிறது.”

பலத்த கைதட்டல். சபாபதிக்குப் பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

“பல்லு வலிக்குதுங்க” என்றார் சபாபதி. அதுதான் அவரிடம் இருந்த இரண்டு வார்த்தை. அதற்கும் கைதட்டினார்கள்.

விழா முடிந்து எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒவ்வாமை நோயாளிக்கு மட்டும், எதற்கு வம்பு என்று, ஒரு பாட்டில் தண்ணீர். பொன்னாடையோடு தூணுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது தீபலட்சுமி வந்தாள். சம்பவத்துக்குப் பிறகு அவளை நோயாளிகளைப் பார்க்க விடாமல், சீட்டுகளுக்கு எண் போடும் பிரிவில் உட்கார வைத்திருந்தார்கள். ஆளை வீழ்த்திய டாக்டர் என்று பெயர். சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்திலும் யாரும் உட்காருவதில்லை. தன் பொட்டலத்தைப் பிரித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக்கு வெறும் வயித்தோடதானுங்க வரோணும்?”

“ஊசி போட்ட அன்னிக்கும் சாப்பிடலியா?”

“அன்னிக்கு முந்தின நாளே சாப்பிடலீங்க. வலி.”

“இத ஏங்க நீங்க யார்கிட்டயும் சொல்லல?”

“ஆரும் கேக்கலீங்களே” என்றார் சபாபதி. எழுபத்தொன்பது கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் எழுதிய மனிதர், எண்பதாவதை அவராகச் சேர்த்து எழுதுவது முறையில்லை என்று இருந்துவிட்டார்.

அவள் நேராக மாடிக்கு ஓடினாள். பட்டினியும் பயமும் சேர்ந்து வந்த மயக்கம் சார், ஒவ்வாமையே இல்லை என்றாள். ரமணன் பதற்றப்படவில்லை.

“விண்ணப்பத்துல இல்லாத கேள்விய நீ எப்படிம்மா ஒரு நோயாளிகிட்ட கேட்ட?”

“சாப்பிட்டீங்களான்னுதான் சார் கேட்டேன்.”

“இன்னிக்கு இதக் கேப்ப. நாளைக்கு இன்னொருத்தர் தூங்கினீங்களான்னு கேப்பாரு. அப்பறம் இது ஆஸ்பத்திரியா, சொந்தக்காரங்க வீடா?”

அன்று மாலையே அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் சில்வஸ்டருக்குப் போன் போட்டாள்.

ஞாயிறு கழிந்து வந்த திங்களன்று, விடுப்பு போட்டுவிட்டு அவளே சபாபதியோடு பஸ்ஸில் மலை இறங்கினாள். மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட வைத்தாள். பல்லில் படாமல் ஊறவைத்து ஊறவைத்து அவர் நான்கு இட்லி சாப்பிட்டார். வழி முழுக்க அவள் எதையாவது கேட்டுக்கொண்டே வந்தாள். அணையில் யானை வருமா, ராத்திரி என்ன செய்வீர்கள், எந்தச் சாம்பார் பிடிக்கும். சபாபதி ஒரு வருடத்துக்கான பேச்சை அந்த மூன்றரை மணி நேரத்தில் பேசித் தீர்த்தார். தொண்டை கட்டிக்கொண்டது.

பேராசிரியர் ஆளைப் பார்த்தார், கதையைக் கேட்டார். தோலில் துளி மருந்து குத்தி நேரம் பார்த்தார். பிறகு கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. முழு ஊசியும் போட்டபோது தீபலட்சுமி சபாபதியின் தோளில் கை வைத்திருந்தாள். அவர் ஊசியைப் பார்க்கவில்லை. பல் வெளியே வந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

நோயாளிக்கே புரியட்டும் என்று பேராசிரியர் சீட்டைத் தமிழில் எழுதினார். ‘மரப்பு ஊசி ஒவ்வாமை கிடையாது. பசியாலும் பயத்தாலும் வந்த மயக்கம். மேல் பக்கத்தில் இன்னொரு பல்லும் எடுக்க வேண்டியிருக்கும். ஊட்டியிலேயே எடுக்கலாம். அதற்குத் தேவை: 1. காலைச் சாப்பாடு. 2. துணைக்கு ஒருவர்.’

அந்த மாதக் கடைசியில் தீபலட்சுமியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. அவள் சொந்த ஊரான தென்காசிக்குப் போய்விட்டாள். போகும்போது சபாபதியிடம் நம்பர் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடச் சொன்னாள். அணைச்சுவரில் நின்று அவர் பலமுறை அந்த நம்பரை எடுத்துப் பார்த்தார். கூப்பிட்டால் என்ன காரணம் சொல்வது என்று தெரியவில்லை. கூப்பிடவில்லை.

மேல்பல் வலிக்கத் தொடங்கியது. சபாபதி சீட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ரமணன் சீட்டை இருமுறை படித்தார். வெளி மருத்துவமனைச் சீட்டை ஏற்றுக்கொள்ள விதி இருக்கிறது என்று அவரே பெருந்தன்மையோடு சொன்னார். சீட்டில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் நமது மருந்தகம் வழங்க வேண்டும். வழங்கியதாக முத்திரை விழுந்ததும் சிவப்பை அடித்துவிடலாம், பல்லை எடுத்துவிடலாம்.

மருந்தகத்தில் பர்சானா இருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சீட்டை வாசித்தார். முதல் எண்ணுக்கு உள்ளே போய், வார்டில் கொடுக்கிற பன் ஒன்றை எடுத்துவந்து கொடுத்து, ‘வழங்கப்பட்டது’ என்று குத்தினார். இரண்டாவது எண்ணைக் கம்ப்யூட்டரில் தேடினார். அலமாரியின் பக்கம் ஒருமுறை திரும்பியும் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. எல்லாருமே யாரோடாவது வந்திருந்தார்கள். ஒருத்தர் பையைப் பிடித்திருந்தார், ஒருத்தர் குடையை, ஒருத்தர் வலிக்கிறவரின் கையை.

பர்சானா இன்னொரு முத்திரையை எடுத்து, ‘துணைக்கு ஒருவர்’ என்ற வரிக்கு எதிரே குத்தினார். இருப்பில் இல்லை.

“பெரியவரே, இது இப்ப வரத்து இல்லீங்க. அடுத்த மாசம் வந்து கேட்டுப் பாருங்க” என்றார்.

“சரீங்க” என்றார் சபாபதி.

அடுத்த மாதம் போய்க் கேட்டார்.